வால்வு அம்பிளிபயரோடு இருபது வருடங்கள்

(எமது மாதாந்த உரை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதம் நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்குப் பழங்கதை போலத் தோன்றலாம். இளம் நேயர்களுக்கோ முற்றிலும் புதிதாக இருக்கலாம். எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஏறத்தாழ இருபது வருடங்களாகப் பாட்டுக் கேட்பதற்கு நான் பாவித்து வரும் வால்வு அம்பிளிபயரைப் பற்றியதுதான் அது.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "அண்ணை, உதென்ன உள்ளுக்கை விளக்கு எரியுது?" என்பது. இரண்டாவது கேள்வி, "எவ்வளவு முடிஞ்சுது?" என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பலரும் கேட்பதில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா? ஒரு பொருளை வாங்கிய முதல் மாதத்தில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். பத்து வருடம், பதினைந்து வருடம் கழித்து என்ன சொல்கிறார்கள் என்பதுதான் விசேஷம். அந்த மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சமூக வானொலி. எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் செய்வது எமது வேலை அல்ல. ஆகவே என்னிடமுள்ள பெட்டியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை.

வால்வு என்றால் என்ன? எங்கள் மூத்த நேயர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஊரில் வீட்டு விறாந்தையில் மேசை மேல், பின்னல் துணி போர்த்தி வைத்திருந்த மரப்பெட்டி ரேடியோ அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். குமிழைத் திருகியதும் பாட்டு வந்துவிடாது. அரை நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு பச்சைக் கண் ஒன்று மெல்ல விழிக்கும். அதற்குப் பிறகுதான் கொழும்பு பேசும். அந்த அரை நிமிடத்தில் உள்ளே நடந்தது, வால்வுகள் சூடேறியதுதான்.

வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அமெரிக்கர்கள் ரியூப் என்பார்கள். உள்ளே ஓர் இழை சூடாகிறது. சூடான பகுதியிலிருந்து இலத்திரன்கள் கிளம்பி, எதிரே உயர்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி வலை இருக்கிறது. அந்த வலையில் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் ஏற்பட்டாலும் இலத்திரன்களின் ஓட்டம் பெரிதாக மாறும். தண்ணீர்க் குழாயின் திருகை இரண்டு விரலால் அசைத்து முழு ஓட்டத்தையும் கூட்டிக் குறைக்கிறோமே, அதே வேலைதான். வால்வு என்ற பெயர், மின்னோட்டத்தை ஒரு திசையில் மாத்திரம் போக விடுவதால் வந்தது. 1904இல் இங்கிலாந்தில் ஜோன் அம்ப்ரோஸ் பிளெமிங் வலையில்லாத முதலாவது வால்வைச் செய்தார். 1906இல் அமெரிக்காவில் லீ டி பொரஸ்ட் மூன்றாவது முனையைச் சேர்த்தார். சிறிய ஒலியைப் பெரிதாக்கும் வித்தை அங்கிருந்துதான் வளர்ந்தது.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ட்ரான்சிஸ்டர் பிறந்தது. சூடேற்ற வேண்டியதில்லை, கண்ணாடி இல்லை, சின்ன உருவம், குறைந்த மின்சாரம். இருபது வருடத்துக்குள் வீட்டு ரேடியோக்களிலிருந்து வால்வு மெல்ல மெல்ல வெளியேறியது. அது நியாயமான வெளியேற்றம் என்றே நான் சொல்லுவேன்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தொண்ணூறுகளின் முதற் பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தை எங்களில் பலர் மறக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் செய்தியும் பாட்டும் கேட்டார்கள். சாதாரண சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். அதில் ஒரு ட்ரான்சிஸ்டர் ரேடியோ நன்றாகவே பாடும். என் அம்பிளிபயரில் உள்ள பெரிய வால்வு ஒன்றின் இழையைச் சூடாக்க மாத்திரம் 6.3 வோல்ட்டில் ஒன்றரை அம்பியர், அதாவது ஒன்பதரை வாட்டுக்குக் கிட்ட வேண்டும். மூன்று சைக்கிளும் மூன்று பேரும் சேர்ந்து சுற்றினாலும் ஒரேயொரு வால்வு சரியாகச் சூடாகாது. பாட்டு இன்னும் தொடங்கவேயில்லை! ஆகவே ட்ரான்சிஸ்டரைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. எங்களுக்கு வெளியுலகத்தின் குரலைக் கொண்டுவந்தது அதுதான்.

அப்படியானால் வீட்டில் ஏன் வால்வு? அதற்கு முன் சின்னதொரு சரித்திரம்.

வீட்டில் தரமாக இசை கேட்பதற்கென்று வால்வு அம்பிளிபயர்கள் உச்சத்தைத் தொட்டது 1945க்கும் 1960க்கும் இடைப்பட்ட காலத்தில். 1947இல் டி. ரி. என். வில்லியம்சன் என்ற இளம் பொறியியலாளர் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் ஓர் அம்பிளிபயரின் வரைபடத்தை வெளியிட்டார். 15 வாட் சக்தி. மிகக் குறைந்த ஒலித் திரிபு. உலகம் முழுவதும் பொழுதுபோக்காளர்கள் அதைப் பார்த்துத் தாங்களே கட்டினார்கள். 1953இல் பீட்டர் வோக்கரின் குவாட் 2 வந்தது. 1954இல் மல்லார்ட் நிறுவனம் சின்ன வால்வுகளை வைத்துப் பத்து வாட் அம்பிளிபயர் ஒன்றின் வரைபடத்தைப் பொதுமக்களுக்குக் கொடுத்தது. கடைக்குப் போய்ப் பெட்டி வாங்கியவர்களைப் போலவே, ஈயம் உருக்கித் தாமே ஒட்டியவர்களும் அந்தக் காலத்தில் ஏராளம்.

இதில் எங்கள் சிட்னிக்கும் பெருமையான பங்கு உண்டு. ஹோம்புஷில் ரயில் ஏறி நகரத்துக்குப் போகும்போது ஆஷ்ஃபீல்ட் தரிப்பிடத்தைத் தாண்டிப் போகிறோம் அல்லவா? அந்த ஆஷ்ஃபீல்டில் 1930களில் வால்வுத் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. அமல்கமேற்றட் வயர்லெஸ் வால்வ் கம்பெனி என்று பெயர். அங்கே பணிபுரிந்த லாங்ஃபோர்ட் ஸ்மித் என்பவர் தொகுத்த 'ரேடியோட்ரோன் டிசைனர்ஸ் ஹாண்ட்புக்' 1934இல் சிறு நூலாகத் தொடங்கி, ஐம்பதுகளில் வந்த நான்காம் பதிப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களாக வளர்ந்தது. இன்றைக்கும் உலகில் எங்கு வால்வு அம்பிளிபயர் கட்டினாலும் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். நாங்கள் அரிசி வாங்கப் போகும் வழியில் இப்படியொரு சரித்திரம் இருக்கிறது.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். 2006ஆம் ஆண்டில் வாங்கினேன். பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஈ.எல். 34 வால்வுகள், அவற்றை ஓட்டச் சில சின்ன வால்வுகள், பக்கத்துக்கு 35 வாட். இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் பாரம். பாரத்தில் முக்கால்வாசி மின்மாற்றிகள்தான். வால்வு நேரடியாக ஸ்பீக்கரை ஓட்டாது. வால்வுக்குப் பல ஆயிரம் ஓம் தேவை, ஸ்பீக்கரோ 4 ஓம், 8 ஓம். இரண்டுக்கும் நடுவே தரகர் வேலை பார்ப்பது அந்த மின்மாற்றி. நல்ல வால்வு அம்பிளிபயரின் விலையில் பெரும் பங்கு அதற்குத்தான் போகிறது. வாங்குகிறவர்கள் விளக்கு வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் கறுப்புப் பெட்டியை.

இது ட்ரான்சிஸ்டரைவிட இனிமையாகப் பாடுமா? இந்தக் கேள்வியில்தான் நண்பர்களுக்குள் சண்டையே வரும். நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

எந்த அம்பிளிபயரும் தனக்குக் கொடுத்த சுரத்தோடு கொஞ்சம் தன்னுடையதையும் சேர்க்கும். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். கீழ் ஸட்ஜத்தைக் கொடுத்தால், இரண்டாவது இசைமுனை மேல் ஸட்ஜம். மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமம். நான்காவது மறுபடி ஸட்ஜம். ஐந்தாவது அந்தர காந்தாரம். இவை தம்புராவிலேயே கேட்கும் சுரங்கள். ஏழாவதும் அதற்கு மேலுள்ள சிலவும்தான் சுருதிக்கு ஒட்டாமல் காதை உறுத்துபவை. வால்வு சேர்க்கும் திரிபு பெரும்பாலும் கீழே உள்ள முனைகளில் வருவதால் உறுத்தாது என்பார்கள். உண்மைதான். ஆனால் என்னுடையது போன்று வால்வுகள் இரண்டிரண்டாக எதிரெதிரே வேலை செய்யும் அமைப்பில், இரண்டாவது முனை பெருமளவு அடிபட்டுப் போய்விடும். ஆகவே அந்த விளக்கம் எல்லா வால்வுப் பெட்டிக்கும் முழுமையாகப் பொருந்தாது.

இரண்டாவது காரணம், பலரும் பேசாதது. வால்வு அம்பிளிபயரின் வெளிவாசல் தடை ட்ரான்சிஸ்டரினதைவிட அதிகம். ஸ்பீக்கரின் ஓம் என்பது பெட்டியில் எழுதியிருப்பது போல எல்லாச் சுரத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை, ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றி ஒலியும் கொஞ்சம் ஏறி இறங்கும். அதனால் சில ஸ்பீக்கர்களில் அடிக்குரல் சற்றுத் தடித்து, 'சூடான' ஒலி என்று சொல்கிறார்களே, அது பிறக்கிறது. வேறு ஸ்பீக்கரில் அதே பெட்டி மந்தமாகவும் ஒலிக்கலாம். இதில் மாயம் எதுவும் இல்லை. அளந்து காட்டக்கூடிய விடயம்.

மூன்றாவதாக ஒரு செய்தி. 1978இல் இங்கிலாந்தில் குவாட் நிறுவனத்தின் மூன்று அம்பிளிபயர்களை, அதில் ஒன்று வால்வு, மற்ற இரண்டும் ட்ரான்சிஸ்டர், எது பாடுகிறது என்று சொல்லாமல் அனுபவசாலிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒலியளவைச் சமப்படுத்தி, எதையும் அதன் எல்லைக்கு மேல் விரட்டாமல் செய்த பரிசோதனை. கேட்டவர்களால் நம்பத்தக்க விதத்தில் வேறுபாடு சொல்ல முடியவில்லை. வால்வைப் பாவிக்கும் நானே இதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

அப்படியென்றால் இருபது வருடத் திருப்தி எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன். அதற்கு முன் வரவு செலவு.

மின்சாரம். என் பெட்டி மௌனமாக இருந்தாலும் சுமார் 180 வாட் இழுக்கும். நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 130 யூனிட். யூனிட் 30 சதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு நாற்பது டொலருக்குள். பெரிய தொகை அல்ல. ஆனால் காலையிலிருந்து இரவு வரை பின்னணியில் பாட்டு ஓட விடுகிறவர்களுக்கு அது ஆறேழு மடங்காகும்.

வால்வுகள். பெரிய வால்வுகள் பொதுவாக 2000 தொடக்கம் 5000 மணித்தியாலம் வரை உழைக்கும். சின்னவை அதைவிட அதிக காலம். இதுவரை பெரிய வால்வுகளை மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். இன்று புதிய வால்வுகள் பெரும்பாலும் மூன்று நாடுகளிலிருந்துதான் வருகின்றன: ரஷ்யாவின் சரத்தோவ் நகரம், ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரம், மற்றது சீனா. 2022இல் உக்ரேன் யுத்தம் தொடங்கியபோது ரஷ்ய வால்வுகள் வருவது தடைப்பட்டு, விலை திடீரென ஏறியது. எங்கோ நடக்கும் யுத்தம் எங்கள் வரவேற்பறைப் பாட்டையும் தொடும் என்பது எங்களுக்குப் புதிய பாடம் அல்லவே.

மூன்றாவது, திருத்த வேலை. சென்ற வருடம் வலப்பக்க ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் ஒன்று வரத் தொடங்கியது. வால்வை இடம் மாற்றிப் பார்த்தேன், இரைச்சல் மாறவில்லை. ஆகவே பழுது வால்வில் இல்லை. திருத்துபவரிடம் கொண்டு போனேன். உள்ளே கெப்பாசிட்டர்கள் வயது போய்விட்டன, எல்லாவற்றையும் மாற்றி, வால்வையும் புதிதாகப் போடுவதென்றால் எழுநூறு டொலர் வரும் என்றார்.

அன்று இரவு வீட்டில் ஒரு சின்ன மாநாடு நடந்தது. மகன் கைத்தொலைபேசியைக் காட்டினான். ஐந்நூறு டொலருக்குப் புத்தகம் அளவிலான புது அம்பிளிபயர். பக்கத்துக்கு நூறு வாட். சூடில்லை, பாரமில்லை. இணையத்திலிருந்து நேரடியாகப் பாட்டை எடுக்கும். "அப்பா, இதுக்குப் போய் எழுநூறு குடுக்கிறதே?" என்று கேட்டான். கணக்கில் அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அளவுகோல் வைத்துப் பார்த்தால் அந்தச் சின்னப் பெட்டியின் திரிபு என் பெட்டியினதைவிடப் பல மடங்கு குறைவு.

நான் இரண்டு நாள் யோசித்தேன். மனைவி ஒரு கேள்வி கேட்டார்: "இந்த இருபது வருஷத்திலை ரிவி எத்தினை மாத்தினது? கொம்பியூட்டர் எத்தினை?" எண்ணிப் பார்த்தோம். தொலைக்காட்சி நான்கு. கணினி ஆறு. கைத்தொலைபேசிகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் ஒன்றைக்கூட ஒருவரும் திருத்தித் தரவில்லை. 'புதிது வாங்குங்கள், அதுதான் மலிவு' என்றே சொன்னார்கள். ஒரு மனிதன் மேசை மேல் கவிழ்த்து வைத்து, வரைபடத்தைப் பார்த்து, பழுதான பாகத்தை விரலால் தொட்டுக் காட்டிய பொருள் இந்த வீட்டில் இது ஒன்றுதான். எழுநூறு டொலரைக் கொடுத்தோம். இன்னும் பதினைந்து இருபது வருடம் அது பாடும்.

இப்போது திருப்திக்கு வருகிறேன். முதலாவது காரணம் இதுதான்: பழுதானால் திருத்தலாம் என்ற நம்பிக்கை. ஐம்பதுகளில் செய்த பெட்டிகள் இன்றும் பாடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு விசேஷ பாகம் எதுவும் தேவையில்லை. பொதுப் பாகங்களால் ஆனவை.

இரண்டாவது காரணம், தேடல் நின்றது. இசை கேட்கும் கருவிகளில் ஆசை வைப்பவர்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. இன்று ஒன்று வாங்குவார்கள்; ஆறு மாதத்தில் அதைவிட நல்லது ஒன்று வந்துவிட்டதாம் என்று மனம் அலையும். பாட்டைக் கேட்பதைவிட்டுப் பெட்டியைக் கேட்கத் தொடங்குவார்கள். நல்ல மின்மாற்றியும், பொருத்தமான ஸ்பீக்கரும் அமைந்த வால்வுப் பெட்டியோடு எனக்கு அந்த அலைச்சல் நின்றுவிட்டது. இது வால்வினால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நல்ல ட்ரான்சிஸ்டர் பெட்டி ஒன்றோடும் ஒருவருக்கு இதே மனநிறைவு வரலாம். வந்தால் அவர் அதை மாற்றவே கூடாது.

மூன்றாவது காரணம், அது கேட்கும் பழக்கத்தை மாற்றியது. பின்னணிக்கு ஓட விட முடியாது. மின்சாரமும் வால்வின் ஆயுளும் போகும். ஆகவே கேட்பதென்றால் இருந்து கேட்க வேண்டும். இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் இருபது நிமிடம். ஒரு ராகத்தை முழுதாக, இடையில் எழும்பாமல் கேட்க வைத்த பெருமை அந்தப் பெட்டிக்கு உண்டு. பேரப்பிள்ளைகளும் இழை சிவக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'இனிப் போடலாம்' என்று சொல்லப் பழகிவிட்டார்கள். பழைய தமிழ்த் திரைப்பாடல்களும் கச்சேரிகளும் பதிவானது வால்வு மைக்கும் வால்வு அம்பிளிபயரும் வைத்துத்தான். அதனால் அவை வால்வில்தான் நன்றாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் குரலும் வீணையும் நாதஸ்வரமும் இந்தப் பெட்டியில் எனக்கு நிறைவாக இருக்கின்றன. அவ்வளவே.

யாருக்கு இது சரிவராது? வாயைப் பொத்திக்கொண்டு இருக்கக் கூடாதென்பதால் இதையும் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகள் தவழும் வீட்டுக்கு, கூடு இல்லாத வால்வுப் பெட்டி வேண்டாம். கண்ணாடியில் கை பட்டால் கொப்பளிக்கும். வெயில் நாற்பது பாகை தாண்டும் சிட்னி மேற்குப் புறத்துக் கோடை மாலையில் 180 வாட் அடுப்பு ஒன்றை மூட்டி வைக்க யாரும் விரும்ப மாட்டார்கள். அந்த நாட்களில் நானும் போடுவதில்லை. படம் பார்க்கவும், விருந்துகளுக்கும் இது ஏற்றதல்ல. காது வயது போனவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு மிக உயர்ந்த ஒலிகள் கேட்பது குறைந்துவிடும். அவர்கள் அம்பிளிபயருக்குச் செலவழிக்கும் முன் காதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. காதுக்குக் கருவி தேவைப்படுகிறவருக்கு எந்த வால்வும் மருந்தாகாது.

இதையெல்லாம் கேட்ட பிறகும் ஆசைப்படுகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்.

முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள். அதன் உணர்திறன் என்ற எண்ணைக் கேளுங்கள். 86 டெசிபெல் என்று எழுதியதற்கும் 92 டெசிபெல் என்று எழுதியதற்கும் வித்தியாசம் ஆறுதான் என்று நினைக்காதீர்கள். மூன்று டெசிபெல்லுக்கு இரு மடங்கு சக்தி வேண்டும். ஆறுக்கு நான்கு மடங்கு. 92இல் பத்து வாட் செய்யும் வேலைக்கு 86இல் நாற்பது வாட் தேவை. வால்வு வாட்டின் விலை அதிகம். ஆகவே உணர்திறன் கூடிய ஸ்பீக்கர் வாங்குவதே சிக்கனம்.

இரண்டாவது, வால்வுகளின் ஓய்வு மின்னோட்டத்தைச் சரிப்படுத்தும் முறையைக் கேட்டறியுங்கள். அதைப் பயாஸ் என்பார்கள். தானாகச் சரிப்படுத்தும் அமைப்பு இருந்தால் சிரமம் குறைவு. இல்லாவிட்டால் வால்வு மாற்றும் ஒவ்வொரு முறையும் அளந்து திருப்ப வேண்டும்.

மூன்றாவது, ஸ்பீக்கர் வயரைப் பூட்டாமல் ஒருபோதும் பாட விடாதீர்கள். சுமை இல்லாமல் ஓடினால் அந்த விலை கூடிய மின்மாற்றி எரிந்து போகலாம். நாலு பக்கமும் காற்று வரட்டும். அலுமாரிக்குள் வைக்கக் கூடாது.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். அது ஆளைக் கொல்லப் போதுமானது. 'நான் ஊரில் ரேடியோ திருத்தினவன்' என்ற துணிவு போதாது. ஒலிபெருக்கிச் சேவை நடத்திய அனுபவமுள்ள பெரியவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இன்னொரு விடயம், அம்பிளிபயரைவிடவும் அவசரமானது. எங்களில் பல வீடுகளில் ஊரிலிருந்து வந்த ஒலிநாடாக்கள் கிடக்கின்றன. கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. தாயின் குரல், பேரனுக்கு அம்மம்மா சொன்ன கதை, கோயில் திருவிழாவின் மேளக் கச்சேரி. காந்த நாடாவுக்கு ஆயுள் உண்டு. நாடா ஒட்டிக்கொள்ளும், மேற்பூச்சு உதிரும், அதைப் போட்டுக் கேட்கும் கருவியும் அரிதாகி வருகிறது. ஆயிரம் டொலர் கையில் இருந்தால், முதலில் அந்த நாடாக்களைக் கணினியில் ஏற்றி இரண்டு மூன்று பிரதி எடுத்து வையுங்கள். அம்பிளிபயர் எப்போதும் கடையில் கிடைக்கும். அந்தக் குரல்கள் வேறெங்கும் கிடைக்காது.

நிறைவாக இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் பெட்டியைத் திருத்தியவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவருக்குப் பிறகு யார் என்று கேட்டேன், சிரித்தார். மின்னணுவியல் படிக்கும் எங்கள் பிள்ளைகளில் ஓரிருவராவது முறையாகப் பயின்று, பாதுகாப்பு விதிகளை அறிந்து, இந்தத் திருத்த வேலையைக் கற்றுக்கொண்டால் அது வால்வோடு நின்றுவிடாது. எறிந்துவிட்டு வாங்குவதே வழக்கமாகிவிட்ட இந்த நாட்டில், ஒன்றைத் திறந்து பார்த்துச் சீராக்கத் தெரிந்தவருக்கு எப்போதும் வேலை இருக்கும்.

ஆகவே அந்த மூன்றாவது கேள்விக்கு என் விடை: ஆம், திருப்தியாக இருக்கிறது. அது உலகத்தில் மிகச் சிறந்த ஒலியைத் தருகிறது என்பதற்காக அல்ல. போதும் என்று சொல்லக்கூடிய ஒலியைத் தந்து, பழுதானபோது திருந்தி, எங்களை ஓரிடத்தில் இருத்திப் பாட்டுக் கேட்க வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பொருள் இருந்தால், அது வால்வாக இருந்தாலென்ன, பழைய ட்ரான்சிஸ்டர் பெட்டியாக இருந்தாலென்ன, அவசரப்பட்டுத் தெருவோரம் வைத்துவிடாதீர்கள்.